நான் அழித்த கறுப்புப் படங்கள்

1. காலை ஒன்பதரை

“ண்ணா, என் கறுப்பு போட்டோல்லாம் எங்கண்ணா?”

போனில் செல்வி. திருவொற்றியூர் பக்கம் காலி கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் கேட் சர்வேயர். அந்த யார்டின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியன் நான். அன்று ராயபுரத்தில் என் கடையில், ஒரு கையில் இட்லியும் இன்னொரு கையில் பிரிண்டர் ரோலருமாக உட்கார்ந்திருந்தேன். எந்தக் கை வாய்க்குப் போகிறது என்று கவனமாக இருக்க வேண்டிய வேளை.

“எந்தக் கறுப்பு போட்டோ?”

“பொட்டி உள்ள கதவ மூடிகினு எடுப்பேனே, அதுண்ணா. ஃபோல்டர்ல பழசு ஒண்ணுகூட காணோம். மூணு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றாரு. அந்த போட்டோவ காட்டலைன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வர வோணாம்னு மேனேஜர் சொல்ட்டாரு.”

இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அந்தப் படங்கள் எங்கே போயின என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவற்றை அழித்தவனே நான்தான். அழித்துவிட்டு, “எவ்ளோ இடம் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன் பாரு” என்று பெருமையடித்து, அந்தப் பெண் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

“நேர்ல வரேன்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

2. எனக்குச் சோறு போட்ட ரப்பர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால், முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். இதில் பாதி வருஷம் எனக்குச் சோறு போட்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர்.

கடல் காற்று இங்கே எதையும் சும்மா விடாது. ஜன்னல் கம்பி, பைக் செயின் வரிசையில் அடுத்தது கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் மெமரி கார்டின் பல் வரிசை பச்சை பிடித்துப்போகும், மானிட்டர் இருட்டாக நிற்கும். கார்டைக் கழற்றி, பற்களை ரப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்து மாட்டினால் உயிர் வந்துவிடும். ஒரே விதி, தேய்ப்பதை வாடிக்கையாளர் பார்க்கக் கூடாது. காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர் ஒருமுறை பார்த்துவிட்டார்.

“இன்னா மாமு இது, ரப்பரா? இதுக்கா டிப்ளமோ படிச்ச?”

“படிக்கும்போது வாங்கின ரப்பர்தாங்க” என்றேன். அதற்கப்புறம் அவர் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டதே இல்லை.

போன மரியாதையை மீட்க வந்ததுதான் ‘செக்யூரிட்டி’. சில வருஷங்களாக எல்லோருக்கும் வைரஸ் பயம், ஹேக்கர் பயம். நானும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, புருவத்தைச் சுருக்கிப் பேசப் பழகிக்கொண்டேன். நம் பக்கத்து ஆபீஸ்களில் பாஸ்வேர்டு என்றால் முதலாளியின் மூத்த மகள் பெயரும் அதன் பின்னால் 123-ம். அதையும் மறந்துவிடுவோமோ என்று எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருப்பார்கள். நான் போய்க் கிழிப்பேன். அடுத்த மாதம் போனால் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, ஊரில் புத்தியுள்ள ஆள் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அந்த எண்ணம்தான் மேலே சொன்ன போன் காலில் வந்து நின்றது.

3. இருட்டைப் படம் எடுப்பவர்

கப்பல் கம்பெனிகளின் காலி கன்டெய்னர்கள் லாரியில் வரும். ‘பொட்டி’ என்றுதான் யார்டில் சொல்வார்கள். கேட்டில் ஒவ்வொரு பொட்டியையும் சோதித்து, நசுங்கல், துரு, ஓட்டை எல்லாம் எழுதி, நல்ல பொட்டி என்றால் உள்ளே விட வேண்டும். அதுதான் கேட் சர்வேயர் வேலை. பிறகு ஏதாவது ஃபேக்டரிக்குச் சரக்கு ஏற்ற அந்தப் பொட்டி போகும். அதில் ஓட்டை இருந்தால் கடலில் தண்ணீர் இறங்கிச் சரக்கு பாழ்.

ஊசி முனை அளவு ஓட்டையை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு லைட் டெஸ்ட். சர்வேயர் பொட்டிக்குள் போக வேண்டும், வெளியே ஆள் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே கும்மிருட்டு. எங்கே ஓட்டையோ அங்கே வெயில் ஒரு புள்ளியாகத் தெரியும். பல பேர் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சித்திரை மாதத்தில் இரும்புப் பொட்டிக்குள் நின்று பார்த்தால்தான் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று புரியும்.

செல்வி வேலைக்குச் சேர்ந்த அன்று நான் அங்கே ஒரு யூ.பி.எஸ்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் தனசேகர் கேட்டது காதில் விழுந்தது.

“பொம்பளப் புள்ள நீ. பொட்டி உள்ள போய் கதவ மூடிகினு நிப்பியா?”

“எங்க வூட்ல எல்லாரும் விடியறதுக்கு முன்னால கடலுக்குப் போறவங்க சார். பொட்டி இருட்டு என்னை இன்னா பண்ணும்?”

சொன்னபடி நின்றார். நாலு வருஷமாக நிற்கிறார். கதவைச் சாத்துவது முனுசாமி. பொட்டிகளைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியின் டிரைவர். வண்டி வேலை இல்லாத நேரத்தில் செல்விக்குக் கதவு சாத்துவார். சாத்தியதும் வெளியிலிருந்து மூன்று தட்டு. உள்ளிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வந்ததும் திறப்பார்.

செல்வி தானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு வேலை உண்டு. கதவைச் சாத்தும் முன் பொட்டி நம்பரோடு ஒரு போட்டோ, சாத்தியபின் இருட்டில் ஃபிளாஷ் இல்லாமல் கூரையைப் பார்த்து ஒரு போட்டோ, திறந்தபின் இன்னொன்று. நடுவில் எடுத்ததில் வெளிச்சப் புள்ளி இருந்தால் பொட்டி திரும்பிப் போகும். நல்ல பொட்டி என்றால் போட்டோ முழுக்கக் கறுப்பு.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது நான் யூ.பி.எஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. நான் செய்த சுத்தம்

மூன்று வாரம் முன்னால் தனசேகர் கூப்பிட்டார். “யோவ் கம்ப்யூட்டரு, சிஸ்டம் ஆமை மாதிரி நவுருது. வந்து பாரு.” போனேன். டிஸ்க் நிரம்பி வழிந்தது. புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றலாம் என்று ஆரம்பித்தேன். போட்டோ ஃபோல்டரைத் திறந்தால், ஆயிரக்கணக்கில் கறுப்புக் கட்டங்கள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘இந்தப் பொண்ணு கேமராவைப் பையில போட்டுகினு பட்டனை அமுக்கிகினே நடந்திருக்கு’ என்று நினைத்தேன். செல்வி அப்போது கேட்டில் இருந்தார். என் நாற்காலியிலிருந்து ஐம்பது அடி. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியே வெயில், உள்ளே ஏ.சி. நான் எழவில்லை.

கறுப்புப் படங்கள் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் எல்லாம் ஒரே கூட்டமாக வந்து நிற்கும். நின்றன. மொத்தமாகப் பிடித்து, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாத மாதிரி அழித்தேன். ‘எவ்ளோ இடம் மிச்சம்’ என்று அப்புறம் அடித்த பெருமையும் பொய். அவை பிடித்திருந்த இடமே சொற்பம். மிச்சமிருந்ததைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். பழைய டிஸ்க்கை வெளியே விட்டால் அதிலிருந்து யாராவது எதையாவது எடுத்துவிடுவார்கள் என்பது என் செக்யூரிட்டி பாடம். அதனால் யார்டு வெல்டரிடம் டிரில் வாங்கி அதில் மூன்று ஓட்டை போட்டேன்.

ஓட்டை இல்லை என்று சாட்சி சொல்ல வேண்டிய படங்களில் ஓட்டை போட்டவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

5. விசாரணை

பதினொரு மணிக்கு யார்டுக்குள் நுழைந்தேன். வழியெல்லாம் டிரெய்லர் வரிசை. வழக்கமாக அந்த வரிசையைத் திட்டுவேன், அன்று அது இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

தனசேகர் விஷயத்தைச் சொன்னார். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் யார்டிலிருந்து போன ஒரு நாற்பதடிப் பொட்டியில் தோல் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டில் போய்த் திறந்தால் சரக்கு நனைந்து பூஞ்சை பிடித்திருக்கிறது. கூரையில் ஓட்டை. ‘உங்கள் யார்டு ஓட்டைப் பொட்டியைத்தான் கொடுத்தது, உங்கள் சர்வேயர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்’ என்று கடிதம்.

“இவ பாத்தேன்றா. போட்டோ இருக்குன்றா. எங்கன்னு கேட்டா காணோம்ன்றா” என்றார் தனசேகர். “இருக்கற போட்டோ எப்டிய்யா காணாப் போவும்? நீதான் பெரிய செக்யூரிட்டியாச்சே, சொல்லு.”

செல்வி சுவரோரம் நின்றிருந்தார். கையில் ஹெல்மெட்.

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ‘வைரஸ் அடிச்சிருக்கு’ என்று சொல்லிவிடலாம். இந்தத் தொழிலில் எந்தப் பாவத்தையும் அந்த ஒரு வார்த்தையில் கரைத்துவிடலாம், யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுவரோரம் பார்த்தேன். அது உள்ளே போய்விட்டது.

“நான்தான் அழிச்சேன் சார். வேஸ்ட் போட்டோன்னு நெனச்சேன்.”



“இன்னாது?” என்றார் தனசேகர்.

மறுபடி சொன்னேன். பழைய டிஸ்க்கில் ஓட்டை போட்டதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியதை எழுதினால் அச்சுக்கு ஆகாது. நடுநடுவே நாகரிகமாக வந்த வார்த்தைகள் ‘பேமானி’யும் ‘கஸ்மாலம்’மும்தான்.

திட்டி முடித்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தோம்.

“கேமரா கார்டுல இருக்குமாம்மா?”

“டெய்லி சாயங்காலம் ஏத்திட்டு கார்டைத் தொடைச்சிரணும்னு நீதானண்ணா சொன்ன.”

“உன் போன்ல ஏதாச்சும்…”

“ஆபீஸ் போட்டோ சொந்த போன்ல இருக்கக் கூடாதுன்னு நீதான் சொன்ன. செக்யூரிட்டின்ன.”

“பேக்கப்…” என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன். பேக்கப்பும் என் ஏற்பாடுதான். சர்வர் பீரோவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு டிஸ்க், ஒரு கேபிளில் எந்நேரமும் மாட்டியபடி. அது ஒரு கண்ணாடி மாதிரி. கம்ப்யூட்டரில் புதிதாக ஏதாவது வந்தால் அங்கேயும் வரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தினமும் மதியம் ஒரு மணிக்குத் தானாகவே ஓடும். நான் அழித்த மறுநாளே அதுவும் அழித்திருக்கும். ‘மனுஷன் கை படாத சிஸ்டம்’ என்று சொல்லித்தான் மாட்டினேன்.

செல்வி மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“நீ சொன்னது எல்லாத்தையும் ஒயுங்கா செஞ்சேண்ணா. அதான் இப்ப என் கையில ஒண்ணும் இல்ல.”

6. கேபிளின் மறுமுனை

எதுவும் மிச்சம் இருக்காது என்று தெரிந்தும், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பீரோவுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். ஒட்டடை, எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், ஒரு செத்த பல்லி. கேபிளைப் பிடித்து இழுத்தேன். லேசாக வந்தது. மறுமுனையில் டிஸ்க் இல்லை. கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“சார், பேக்கப் டிஸ்க்கை யாரோ திருடிட்டாங்க” என்று கத்தினேன். திருட்டு என்றதும் எனக்குள் ஒரு தெம்புகூட வந்தது. குற்றவாளி நான் மட்டும் இல்லையே!

சத்தம் கேட்டு முனுசாமி எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா தேடுற?”

“இங்க ஒரு டிஸ்க் மாட்டியிருந்தேன். கறுப்பா, உள்ளங்கை சைஸ்ல…”

“அதுவா? அது சாமியாண்ட கீது.”

“எங்க?”

“சாமியாண்ட. கேன்டீன் மேல பலகையில. ஆயுத பூஜைக்கு எல்லா ஆயுதத்தையும் தொடைச்சு வச்சோம். ஸ்பானரு, வெல்டிங் கன்னு, டேப்பு, செல்வி பாப்பாவோட கேமரா, உன் டிஸ்க்கு பொட்டி. பொட்டு வச்சு கற்பூரம் காட்னோம். மறுநாளு அவங்கவங்க வந்து எடுத்துகினாங்க. நீதான் வரல.”

“நான் வரலைன்னா நீங்க எடுத்து மாட்டியிருக்கலாமே?”

முனுசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பூஜையில வச்ச ஆயுதத்த அதுக்கு ஒடையவன்தான் எடுக்கணும். வேற ஆளு கை வைக்கக் கூடாது. நம்ம யார்டுல அதான் வயக்கம். நான் உன்னாண்ட பூஜைக்கு வா வான்னு எத்தினி வாட்டி சொன்னேன்? வந்தியா? நீ எங்கியோ பொரி துன்னுகினு இருந்த.”

உண்மைதான். அன்று ஏழு ஆபீஸில் பொரி தின்றேன். எட்டாவதாக இங்கே வர வயிற்றில் இடம் இல்லை.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தப் பொட்டியைச் சோதித்தது பூஜைக்கு முந்தைய வாரம். டிஸ்க் சாமியிடம் போனது பூஜையன்று. நான் அழித்தது அதற்கு ஒன்றரை மாதம் கழித்து. அப்படியென்றால் என் அழிவு வேலை அந்த டிஸ்க்கை எட்டவே இல்லை! நான் கட்டிய ஏற்பாடு ஒழுங்காக ஓடியிருந்தால் செல்விக்கு வேலை போயிருக்கும். அது ஓடாததால் ஒரு வழி பிறந்திருக்கிறது.

‘பேக்கப் ஓடவில்லை என்று எச்சரிக்கை எதுவும் வரவில்லையா?’ என்று கேட்பீர்கள். வந்தது. தினமும் ஒரு மெயில், எனக்குத்தான். இந்த மாதிரி மெயில்கள் தொல்லையாக இருக்கின்றன என்று அவை தனி ஃபோல்டருக்குப் போக நானே ஏற்பாடு செய்திருந்தேன். அதை நான் திறந்தே பார்த்ததில்லை.

7. சந்தனமும் ஸ்பிரிட்டும்

மணி ஒன்று. கேன்டீன் பலகையில் முருகனுக்கும், யாரோ வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மாதா படத்துக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தது என் டிஸ்க். நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம், ஒரு காய்ந்த சாமந்தி. பலகைக்குக் கீழே மசாலா வாசம், மேலே ஊதுபத்திச் சாம்பல்.

நானே கை நீட்டி எடுத்தேன். முனுசாமி, “செருப்ப கய்ட்டு” என்றார். கழற்றினேன். அன்று அவர் என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன்.

கேபிள் செருகும் வாயில் பார்த்தால் சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது. பொட்டு வைத்தவர் அந்த ஓட்டையைத்தான் நெற்றி என்று நினைத்திருக்கிறார். பல் குச்சி நுனியில் ஸ்பிரிட் தொட்டு, துளித்துளியாகச் சுரண்டினேன். சுற்றிலும் செல்வி, தனசேகர், முனுசாமி, கேன்டீன் அக்கா. யார்டு கம்ப்யூட்டரில் மாட்டவில்லை. அதில் மாட்டினால் கண்ணாடி விழித்துக்கொண்டு மிச்சத்தையும் அழித்துவிடும். என் லேப்டாப்பில் மாட்டினேன்.

ஒன்றும் இல்லை. விளக்குக்கூட எரியவில்லை.

“போச்சா?” என்றார் தனசேகர்.

மறுபடி கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சந்தனம் போயிருந்தது, அதற்கு அடியில் பித்தளைப் பற்கள் பச்சை பிடித்திருந்தன. இரண்டு மாதக் கடல் காற்று. பையில் கை விட்டு ரப்பரை எடுத்தேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒரு நொடி கை நின்றது. பிறகு பிளேடால் ரப்பரைத் தீக்குச்சி மாதிரி மெல்லியதாகச் சீவி, வாய்க்குள் விட்டு மெதுவாகத் தேய்த்தேன்.

“இன்னா நைனா, ரப்பரா?” என்றார் முனுசாமி.

“ஆமா நைனா. ரப்பர்தான். இத்தினி வருசமா ரப்பர்தான்.”

மறுபடி மாட்டினேன். நீல விளக்கு ஒருமுறை சிமிட்டியது. உள்ளே தட்டு சுழலும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை, என் கல்யாண நாகஸ்வரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செல்வி குனிந்து பொட்டி நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். எழுத்து நாலு, எண் ஏழு, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஃபோல்டர் திறந்தது. கதவு திறந்த படம். அடுத்தது கறுப்பு. அடுத்தது மறுபடி திறந்த கதவு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி முனுசாமி.

“நான்தான்” என்றார் முனுசாமி. “தொப்பை தெரியுது பாரு.”

செல்வி சிரித்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக.

8. மூன்று மணி

இன்சூரன்ஸ் சர்வேயர் நேரத்துக்கு வந்தார். நரைத்த மீசை, கையில் டார்ச், குறைந்த பேச்சு. கறுப்புப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“லென்ஸ்ல விரலை வச்சு எடுத்தாலும் இப்படித்தாம்மா வரும்” என்றார்.

தனசேகர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். பதில் சொன்னது செல்வி.

“முன்னாடி போட்டோ, பின்னாடி போட்டோ டைம் பாருங்க சார். நடுவுல ரெண்டு நிமிசம். உள்ள நின்னா கண்ணு பழக அவ்ளோ நேரம் ஆவும். அப்பால இத்த பாருங்க.” வேறொரு பொட்டியின் கறுப்புப் படத்தைத் திறந்தார். கூரையில் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள். “இது அதே நாளு, அதே கேமரா. ஓட்டை இருந்தா இப்டித்தான் சார் தெரியும். இந்தப் பொட்டிய நான் கேட்லயே திருப்பி அனுப்ச்சிட்டேன். ரிஜிஸ்தர்லயும் கீது.”

அப்போதுதான் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. முதல் கறுப்புப் படத்தின் வெளிச்சத்தை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டே போனேன். இருட்டுக்குள்ளிருந்து கூரையின் வரிவரியான மடிப்புகள் மெல்ல எழுந்து வந்தன, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும். ஒரு புள்ளிகூட இல்லை.

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறேன். இருட்டைப் படம் எடுத்து வச்சிருக்கற ஆளை இப்பத்தாம்மா பாக்குறேன். இங்கேர்ந்து போறப்போ பொட்டி நல்லாத்தான் இருந்திருக்கு.” எழுதி, கையெழுத்துப் போட்டு, கிளம்பிவிட்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் தனசேகர் தொண்டையைச் செருமினார். “செல்வி, மத்த ஷிஃப்ட்ல இருக்கற பசங்களுக்கும் இத்த நீயே கத்துக்குடு. இனிமே எல்லாப் பொட்டிக்கும் கறுப்பு போட்டோ வோணும்.” காலையில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் வாயால் வராது. அவர் அகராதியில் இதுதான் அது.

9. பொட்டிக்குள்

இந்த மாதிரிக் குறிப்புகளின் கடைசியில் பாடம் எழுதுவது வழக்கம். நான் கற்றதை எழுதுகிறேன்.

பேக்கப் எப்போதும் மாட்டியே இருந்தால் அது பேக்கப் இல்லை. கம்ப்யூட்டருக்கு வரும் வியாதி, முட்டாள்தனம் எல்லாம் அதே கேபிள் வழியாக அதற்கும் போய்ச் சேரும். ஒரு பிரதியாவது கழற்றி, எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இப்போது அந்த யார்டில் இரண்டு டிஸ்க். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று சாமி பலகைக்குப் போகும், மற்றது இறங்கி வரும். இறக்கும் உரிமை செல்விக்கு மட்டும்தான். நான் கேட்டாலும் முனுசாமி தர மாட்டார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலமான பாஸ்வேர்டு கிடையாது. பொட்டு மட்டும் வாயில் வைக்கக் கூடாது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று. திருடனுக்கும் ஹேக்கருக்கும் பயந்து எத்தனையோ பூட்டுப் போட்டேன். கடைசியில் வைரஸ் பைக்கில், நாற்பத்தொன்பது வயதில், எல்லாச் சாவியும் கையில் வைத்துக்கொண்டு, டீ கேட்டபடி கேட் வழியாகத்தான் வந்தது. ஒரு ஃபோல்டரில் இருப்பது உங்களுக்குக் குப்பையாகத் தெரிந்தால், அதை உண்டாக்கியவர் ஐம்பது அடி தள்ளி வெயிலில்தான் நிற்பார். எழுந்து போய்க் கேளுங்கள். பூஜைக்கும் அந்தச் சுத்தத்துக்கும் நடுவில் செல்வி எடுத்த கறுப்புப் படங்கள் எந்தச் சாமியிடமும் இல்லை, போனது போனதுதான். அவற்றை யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் நான் வந்து சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் யார்டுக்குப் போனபோது செல்வி விடவில்லை.

“வாண்ணா. ஒரு வாட்டி உள்ள வந்து பாரு. நீ அழிச்சது இன்னான்னு தெரிஞ்சுக்க.”

கேமராவை என் கையில் கொடுத்து, ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். உள்ளே போனேன். முனுசாமி கதவைச் சாத்தினார். மூன்று தட்டு. இரும்பு வெப்பம் முகத்தில் வந்து ஒட்டியது. கண் எதிரில் கை தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பளிச்சென்ற திரைகளையே பார்த்த கண், பழக நேரம் எடுத்துக்கொண்டது.

வெளியிலிருந்து செல்வியின் குரல், எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து வருவது மாதிரி. “இன்னாண்ணா தெரியுது?”

நாலு மூலையையும் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

“ஒண்ணுமே தெரியலம்மா!”

“நல்லா பாத்துதான் சொல்றியா?”

“நல்லா பாத்துட்டேன்!”

“அப்ப நல்ல பொட்டிண்ணா. எடு போட்டோவ.”

எடுத்தேன். ஃபிளாஷ் இல்லாமல், விரல் லென்ஸில் படாமல், கூரையைப் பார்த்து. முழுக்கக் கறுப்பு. உள்ளிருந்து கதவில் மூன்று தட்டுத் தட்டினேன். கதவு திறந்தது.

என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் அவ்வளவு உருப்படியாக ஒரு படத்தில் சம்பந்தப்பட்டதில்லை. அது இப்போது அந்த யார்டின் ஃபோல்டரில் இருக்கிறது, ஒரு பிரதி முருகனுக்கும் மாதாவுக்கும் நடுவில் இருக்கிறது. அழிக்கிற அனுமதி எனக்குக் கிடையாது. அந்த அனுமதியை எடுத்துவிடும்படி தனசேகரிடம் சொன்னதே நான்தான்.